பழைய கப்பல் கண்ணாடி ஸ்லைடு – கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் பீனிக்ஸ்ல ஒரு வீடு காலி பண்றப்போ 40 ஸ்லைடு கிடைச்சுது அண்ணே, ஒரே அழுக்கு. சோப்புத் தண்ணில கழுவலாமா?

ப: ஐயோ வேண்டாம் தம்பி! படம் ஜெலட்டின்ல இருக்கு, தண்ணி பட்டா ஊறி உப்பி கண்ணாடியை விட்டு உரிஞ்சு வந்துரும். லேன்டர்ன் ஸ்லைடுன்னா வெளிச்சம் விட்டுத் திரையில பெரிசா காட்டுறது; ரெண்டு கண்ணாடி, நடுவுல படம், சுத்தி கருப்பு பேப்பர் டேப். வெளிப்பக்கத்தை மட்டும் காஞ்ச மெல்லிசு துணியால துடைங்க.

கே: ஸ்லைடா நெகட்டிவான்னு எப்படித் தெரியும்?

ப: வெளிச்சத்துல பிடிங்க, பகல் வானம் கருப்பா தெரிஞ்சா நெகட்டிவ்.

கே: எங்க கொள்ளுத்தாத்தா இந்தியாவுலருந்து எந்தக் கப்பல்ல வந்தாரு?

ப: அது என் வேலை இல்லக்கா. கப்பல்ல வந்தவங்க லிஸ்ட் டர்பன் யுனிவர்சிட்டியோட காந்தி-லுதுலி டாக்குமென்டேஷன் சென்டர்ல இருக்கு, அங்க கேளுங்க.

கே: தபால் கொண்டு வர்ற பெரிய மெயில் கப்பல் வார்ஃப்ல, கரையை ஒட்டி நிக்குது, லேபிள்ல 'டர்பன் 1890'. நம்பலாமா?

ப: லேபிளை நம்பி 600 ரேண்ட் விட்டவன் நான். அந்தக் காலத்துல நம்ம துறைமுக வாயில மணல் திட்டு, பெரிய கப்பல் எல்லாம் வெளிக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், ஆளுங்களைப் பிரம்புக் கூடைக்குள்ள விட்டு, தூக்கி, சின்ன படகுல இறக்குவாங்க. மணலை வாரி வாரி, 1904 ஜூன்லதான் யூனியன்-காசில் கம்பெனியோட ஆர்மடேல் காசில் உள்ள வந்துச்சு, மெயில் கப்பல்ல அதுதான் முதல். அப்போ உங்க படம் அதுக்குப் பின்னாடிதான். கூடைப் படம் எங்கயாவது கிடைச்சா விட்டுராதீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதான்.

கே: எங்கிட்ட 1860 ட்ரூரோ கப்பல் ஸ்லைடு இருக்கு, நம்ம ஆளுங்களை ஒப்பந்தக் கூலிகளா டர்பனுக்கு முதல்ல கொண்டு வந்த கப்பல், விலை 5000 ரேண்ட். ஒரு ஓரம் கழுவுறப்போ உப்பிடுச்சு, மத்தபடி நல்லா இருக்கு.

ப: கழுவிட்டீங்களா! சரி. ட்ரூரோ வந்தது 1860 நவம்பர் 16. ஜெலட்டின்ல படம் எடுக்கிற முறையை மேடாக்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் வெளியிட்டதே 1871ல. அப்போ தண்ணில உப்புற ஜெலட்டின் ஸ்லைடு 1860ல எப்படி வரும்?

கே (அதே ஆள்): அமெரிக்காவுல லாங்கன்ஹைம்னு போட்டோ எடுக்கிற அண்ணன் தம்பி 1850லயே கண்ணாடி ஸ்லைடு பண்ணாங்களே, அது எப்படி?

ப: பண்ணாங்க, நல்லாவே படிச்சிருக்கீங்க. ஆனா அது பிலடெல்பியால, முட்டை வெள்ளைக்கரு வச்சு. உங்களுது இப்படி உப்பியிருக்கே, இது ஜெலட்டின் பண்ற வேலை.

கே (வேற ஒருத்தர்): பழைய படத்தை பின்னாடி காப்பி எடுத்திருக்கலாமே?

ப: எடுத்திருக்கலாம், அப்போ காப்பி விலை சொல்லட்டும்.

கே (ட்ரூரோக்காரர்): நீங்க வாங்கத்தான் விலையைக் குறைக்கிறீங்க.

ப: ஓசியில குடுத்தாலும் ட்ரூரோன்னு எழுதி மாட்ட மாட்டேன் சார்.

கே: கராஜ்ல வைக்கலாமா?

ப: டர்பன் ஈரத்துலயா? பூஞ்சை தின்னுரும். வீட்டுக்குள்ள, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்காம, நிமித்தி வைங்க.

கே: வினிகர் போட்டுக் கழுவினா?

ப: மேல போய் முதல் பதிலைப் படிங்க.