பழைய ஏர்ஃப்ளோ மீட்டரை மாற்றலாமா?

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரில் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் (உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோலைத் தெளிக்கும் பழைய முறை). ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது. காற்றை அளக்கும் தகடு வகை ஏர்ஃப்ளோ மீட்டரை எடுத்துவிட்டு, சூடான கம்பி வகை சென்சார் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். ஆனால் முதலில் பழையதைச் சோதித்துவிடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் மீட்டருக்கு மின்சாரம் வரச்செய்து, சிக்னல் பின்னில் மல்டிமீட்டரை வைத்து, தகட்டை விரலால் மெல்லத் தள்ளுங்கள். வோல்டேஜ் சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளினால் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. கறுப்பு மூடியைத் திறந்தால், தகட்டோடு நகரும் முள் அந்தத் தடத்தில் உரசிய இடத்தில் தேய்ந்த கோடே தெரியும். தடம் உள்ள போர்டின் திருகுகளைத் தளர்த்தி, முள் தேயாத தடத்தில் ஓடும்படி ஒரு மில்லிமீட்டர் போல நகர்த்திப் பாருங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும். ஸ்பிரிங்கின் பல்சக்கரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் கலவை மாறிவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், புது சென்சாரின் வோல்டேஜ் பழைய இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போகாது. இடையில் மாற்றித்தரும் மாட்யூல் கட்டாயம். பழைய மீட்டருக்குள் இருந்த காற்று வெப்பநிலை சென்சாரையும் தனியாகப் பொருத்த வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது பெட்ரோல் பம்ப் சுவிட்சில்தான். பல மாடல்களில் அது மீட்டருக்குள்ளேயே இருக்கும். மீட்டரை எடுத்தால் அதுவும் போய்விடும். பம்ப்பை நேரடியாக மின்சாரத்தில் இணைத்துவிட்டால், விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடும்; தீப்பிடிக்கும் ஆபத்து. இக்னிஷன் துடிப்பு நின்றதும் பம்ப்பை அணைக்கும் ரிலே போடுங்கள்.

கடைசியில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (புகையை வைத்துக் கலவையை அளப்பது) வைத்து டியூன் செய்யுங்கள்: ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று, எடையில், சீரான ஓட்டத்தில் 14.7 பங்கு, முழு மிதியில் 12.5 முதல் 13 பங்கு.