நரம்பின் உறை வளர ஊசி வாங்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 34 வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை. வயிற்றோட்டம் வந்து இரண்டு கிழமைக்குள் இரண்டு கால்களும் விழுந்தன, பிறகு கைகளும் பலமில்லாமல் போயின. ஆஸ்பத்திரியில் ஜி.பி.எஸ். என்று சொல்லி ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நரம்பின் மேலுறை பழுதாகிவிட்டது என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் 'வளர்ச்சிக் காரணி' ஊசி போட்டால் உறை வேகமாக வளரும் என்கிறார். தேயிலைக்கு உரம் போடுகிற மாதிரித்தானாம். அவர் கேட்கும் பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டும். வாங்கலாமா?
- ஒரு தங்கை, தலவாக்கலை

பதில்: வாங்க வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஜி.பி.எஸ். என்கிற கில்லன் பாரே நோயில், கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நரம்பையே அடித்துவிடுகிறது. வயிற்றோட்டத்துக்குப் பிறகு வந்தால் பல நேரம் கம்பைலோபக்டர் என்ற பக்டீரியாதான் தொடக்கம். மயலின் என்ற அந்த மேலுறை நன்றாக இருந்தால் நரம்பில் செய்தி செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் ஓடும். உறை கழன்ற இடத்தில் மெதுவாகும், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஐந்து நாள் ஏற்றியது இம்யூனோகுளோபியுலின் என்ற எதிர்ப்புப் புரதமாக இருக்கும். அது தாக்குதலைத் தணிக்கிறது, அவ்வளவுதான். உறையைத் திரும்பச் சுற்றுவது உடம்பின் சொந்த வேலை.

கை கால் நரம்புகளில் அதைச் செய்பவை சுவான் கலங்கள். எவ்வளவு தடிப்பாகச் சுற்றுவது என்பதை நரம்பு நார்தான் அவற்றுக்குச் சொல்கிறது. நாரின் மேற்பரப்பில் நியூரெகுலின்-1 என்ற வளர்ச்சிக் காரணி, அதாவது கலங்களுக்கு வளரச் சொல்லும் புரதம், இருக்கும். சுவான் கலத்தில் உள்ள எர்ப்-பி2, எர்ப்-பி3 என்ற சோடி வாங்கிகள் அதைப் பிடித்து உணரும். நியூரெகுலின் குறைந்தால் உறை மெலியும், கூடினால் தடிக்கும் என்று 2004-ல் எலிகளில் காட்டினார்கள். பாருங்கள், நாரும் கலமும் ஒட்டி நின்று பேசிக்கொள்ளும் பேச்சு இது. கையில் குத்திய ஊசி இரத்தத்தில் சுற்றிவந்து அந்த இடத்தில், அந்த அளவில் போய் உட்காராது.

உரம் என்ற பேச்சு எங்கே பிழையாகிறது என்பது மூளையைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே மயலின் செய்வது ஒலிகோடென்ட்ரோசைற்று என்ற வேறு கலம். அதன் முன்னோடிக் கலங்கள் பி.டி.ஜி.எஃப். என்ற காரணி கிடைத்தால் கொஞ்சக் காலம் பெருகும். 1988-ல் லண்டனில் மார்ட்டின் ராஃபின் குழுவும் வேறு சிலரும் ஆய்வுகூடத் தட்டில் இதைக் கண்டார்கள். காரணியை நிறுத்தினால் அவை பெருகுவதை விட்டு முதிரும். எஃப்.ஜி.எஃப்.-2 என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தால் முதிராமல் பெருகிக்கொண்டே போகும், மயலின் வராது. முதிரும் நேரத்தைக் குறிப்பதில் தைரொயிட் ஹோர்மோனுக்கும் பங்கு உண்டு. (பிறந்த பிள்ளையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்ப்பதற்கு மூளை வளர்ச்சிதான் காரணம். ஊரில் யாராவது வேண்டாம் என்றால் விடாதீர்கள்.) ஆக, காரணி வருவது மட்டும் போதாது, உரிய நேரத்தில் அடங்கவும் வேண்டும்.

அடங்காவிட்டால்? மேலே சொன்ன எர்ப்-பி2 சில மார்பகப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறி இருக்கிறது. அங்கே அதைத் தடுக்கத்தான் மருந்து கொடுக்கிறோம். தொழுநோய்க் கிருமிகூட இதே வாங்கியைத் தூண்டிவிட்டு உறையைக் கழற்றுகிறது.

வளர்ச்சிக் காரணியை மருந்தாக்க யாரும் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததில் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு அதை நீரிழிவு நரம்புப் பாதிப்புக்கு ஊசியாகப் பெரிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, ஊசி போட்ட இடத்தில் வலிதான் கிடைத்தது. கருவிழிப் புண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்தாக வந்திருக்கிறது. ஜி.பி.எஸ்ஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட வளர்ச்சிக் காரணி ஊசி எதுவும் கிடையாது. அந்த ஆள் என்ன மருந்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதே எனக்குக் கவலை.

இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்து நடக்கிறார் என்றால் உறை வளர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 80 பேரளவில் ஆறு மாதத்தில் துணையில்லாமல் நடக்கிறார்கள். புதிய உறை பழையதைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும், ஆனால் செய்தி போகும். உறைக்குள் இருக்கும் நாரும் அடிபட்டிருந்தால் இன்னும் நாள் எடுக்கும், அது நாளுக்கு 1 மில்லிமீற்றரளவில்தான் வளரும்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் கிளினிக் போகவும் பிசியோதெரபிக்குப் போய்வரவும் செலவழியுங்கள். லயத்துப் படிகளில் தனியாக ஏறி இறங்க விடாதீர்கள். களைப்பு அதிகமாக இருக்கும், சோம்பல் என்று ஏசாதீர்கள். ரொட்டியும் பருப்பும் சம்பலும்தான் சாப்பாடு என்றால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மயலினுக்கு அது இல்லாமல் முடியாது. முட்டை, பால், நெத்தலி எல்லாவற்றிலும் இருக்கிறது. சாராயம், கசிப்பு கிட்டவே வரக்கூடாது.

கால் திரும்பவும் பலம் குறைந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு வாங்கினால் கிளினிக் திகதிவரை பார்த்திருக்க வேண்டாம். 1990-க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.