ஸ்விட்சைப் போட்டுவிட்டு அரிசி களையலாம்

கேள்வி: 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அரிசி களைந்து உலை வைத்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேரன் வேகம் கூட்டும் மென்பொருள் என்று ஒன்றை இறக்கிப் போட்டான், இன்னும் மோசமாகிவிட்டது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் பேரன் போட்டதை நீக்கச் சொல்லுங்கள். ரிப்பேர் கடை வைத்திருந்த 18 வருஷத்தில் இந்த 'வேகம் கூட்டி'களைப் போடச் சொல்லி வந்தவர்களைவிட, அவற்றை எடுக்கச் சொல்லி வந்தவர்களே அதிகம். கூடவே இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற பத்தியில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பார்க்காமலே சொல்கிறேன், உங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி ஓடி எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்து மில்லி செகண்ட் போலப் போய்விடும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான ஓட்டம் வேண்டும். வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் 4 ஜிபி ராம் நிரம்பிவிட்டால் மிச்சத்தையும் அந்தத் தட்டிலேயே எழுதி எழுதிப் படிக்கும். பாவம், முள் என்ன செய்யும்!

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்று ஒன்று உண்டு. அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. 256 ஜிபி சாட்டா (ஹார்டு டிஸ்க் கேபிளிலேயே இணையும் வகை) எஸ்எஸ்டி ஒன்று போட்டு விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். கூடவே இன்னொரு 4 ஜிபி ராம். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு, உங்களுடையது எது என்று பார்த்து வாங்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. புதிது வாங்கும் செலவில் இது சிறு பங்குதான். திறக்கும்போதே கேபினெட்டில் இருக்கும் தூசியை ஊதிவிடச் சொல்லுங்கள். ஃபேன் அடைத்தால் சூடேறும், சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கேபினெட்டில் பல்லி முட்டையே பார்த்திருக்கிறேன்.

திரையில் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று ஐந்து தடவை தட்டுகிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும். அதில் ஐகான்கள் திரும்ப வரையப்படும், அவ்வளவுதான். அதைவிட வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் நிலையைப் பாதி சேமித்து வைத்துவிட்டுத்தான் தூங்குகிறது. ரீஸ்டார்ட்டில்தான் உண்மையாகப் புதிதாய்த் தொடங்கும்.

கடைக்காரர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் ஆறாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. வங்கி வேலைக்கு விண்டோஸ் 10-ஐ நம்பாதீர்கள். கடிதம் எழுத, பேரனோடு வீடியோவில் பேச என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், இலவசம்.

கடைக்குக் கொடுக்கும் முன் புகைப்படங்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்கை அங்கேயே விட்டுவிடாதீர்கள், கையோடு கேட்டு வாங்குங்கள். உங்கள் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.