அரசு வண்டியும் மாற்று எரிபொருளும்: வாசகர் கேள்வி – பதில்

எங்க ஒன்றிய ஆபீசுல பழைய டீசல் ஜீப்புக்குப் பதிலா மின்சார கார் வாங்கலாம்னு பேச்சுங்க. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகும்னு சொல்றாங்க. நெசமாலுமே மிச்சம் ஆகுங்களா?
– ஒரு வாசகர், பெருந்துறை

ஆகும். ஆனால் வண்டி ஓட வேண்டும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஜீப் லிட்டருக்கு 12 கி.மீ., டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 7.75 ரூபாய். மின்சார கார் யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் என்பார்கள். அது பேட்டரியிலிருந்து எடுக்கிற யூனிட். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகவே போய்விடும். அதனால் உங்கள் மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு 6.2 கி.மீ. என்று எடுங்கள். யூனிட் 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.60. மிச்சம் ஆறு ரூபாய் சொச்சம்.

இப்போது வாங்கும் விலை. பழைய ஜீப்போடு ஒப்பிடாதீர்கள். 15 வருடம் முடிந்த அரசு வண்டிகளுக்கு மத்திய அரசு விதிப்படி 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அது எப்படியும் கண்டத்துக்கு, அதாவது கழித்துக்கட்டப் போக வேண்டியதுதான். புது டீசல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் விலை வித்தியாசம் 4 லட்சம் என்று வைத்தால், அதை எடுக்க 65,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 2,500 கி.மீ. ஓடும் வண்டி இரண்டே கால் வருடத்தில் எடுத்துவிடும். மாதம் 1,000 கி.மீ. மட்டும் ஓடி, மீதி நாள் வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டிக்கு ஐந்தரை வருடம் ஆகும். ஆகவே முதலில் வண்டி ஓட்டத்தை எழுதும் லாக் புக்கை எடுத்துக் கடந்த 12 மாத ஓட்டத்தைக் கூட்டுங்கள். விலைப்புள்ளி கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு சங்கடம் கணக்குத் தலைப்பு, அதாவது எந்தச் செலவுக்கு எந்தப் பணம் என்று அரசுக் கணக்கில் பிரிப்பது. வண்டி வாங்குவது ஒரு தலைப்பு, டீசல் ஒரு தலைப்பு, கரண்ட் பில் வேறொரு தலைப்பு. டீசலில் மிச்சமானது யார் கண்ணிலும் படாது. கரண்ட் பில் ஏறியது மட்டும் தணிக்கையில் கேள்வியாக வரும். சார்ஜருக்குத் தனி சப்-மீட்டர் வைத்து, லாக் புக்கில் லிட்டர் எழுதும் இடத்தில் மீட்டர் ரீடிங்கை எழுதி வாருங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு, பல வருடப் பதில் கடிதம் மிச்சம்.

கார் வந்தாச்சுங்க. ஆபீஸ் பிளக்குல சொருகினா ரெண்டு நிமிசத்துல சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுபோகுது. வண்டியில கோளாறா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பெரும்பாலும் வண்டியில் இல்லை, எர்த்தில். பழைய கட்டிடங்களில் எர்த் கம்பி இருக்கும், குழி காய்ந்து கிடக்கும். மேட்டாங்காட்டு மண்ணில் கோடையில் இது சகஜம். ஃபேன், லைட் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடிவிடும். சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றும்.

எலக்ட்ரீசியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் நல்லது. இருபது, முப்பது காட்டினால் புது எர்த் குழி போட வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் இழுக்கும்: போர்டிலிருந்து தனியாக 6 சதுர மி.மீ. தாமிர ஒயர், 40 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்). அதற்கு முன் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. ஓடும் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் பத்து மணி நேரம் விட்டால், லூசான பிளக் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

எங்க பேரூராட்சியில குப்பை எடுக்கற பேட்டரி வண்டி அஞ்சு வாங்கினோம். ஒரே வருசத்துல மூணு மூலையில நிக்குது. பேட்டரி வண்டியே வேஸ்ட்டுங்களா?
– ஒரு வார்டு உறுப்பினர், கோபிசெட்டிபாளையம் பக்கம்

வண்டி வேஸ்ட் இல்லைங்க. பேட்டரிக்குச் சோறு தண்ணி இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் லெட்-ஆசிட் (ஈயத் தட்டும் ஆசிட்டும் உள்ள) பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் எடுக்கிறார்கள். 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள செட் ஒன்றைத் தினமும் ஏற்ற அதிகம் போனால் 5 யூனிட், 50 ரூபாய். செட் விலை 40,000 என்று வைத்தால், 600 நாள் வந்தால் நாளைக்கு 67 ரூபாய். 300 நாளில் செத்தால் 133. கரண்ட் காசைவிடப் பேட்டரித் தேய்மானம்தான் பெரிய செலவு. இதை யாரும் டெண்டரில் எழுதுவதில்லை.

சாகடிப்பவை நான்கு. முதலாவது தண்ணீர். தண்ணீர் வற்றி உள்ளே இருக்கும் தட்டு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி போச்சு. வாரம் ஒரு முறை மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு. அதை ஊற்றினால் முடிந்தது கதை. சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் பொங்கி ஆசிட் வழியும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும், மூடுமளவுக்கு முன்னால் கொஞ்சம் ஊற்றலாம்.

இரண்டாவது, வண்டி நிற்கிற வரை ஓட்டுவது. ஓட்டி முடித்து அரை மணி நேரம் நிறுத்தி வைத்து அளந்தால் ஒரு பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, அதுவே பாதி சார்ஜ்தான். மூன்றாவது, பொங்கல், தீபாவளி லீவுக்குச் சார்ஜ் இறங்கியபடியே விட்டுப் போவது. தட்டில் வெள்ளை உப்புப் படிந்து, அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. நான்காவதுதான் அதிகம் நடப்பது: நாலில் ஒன்று போனதும் அதை மட்டும் புதிதாக மாற்றுவது. பழைய மூன்றும் சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது அரைகுறையாகவே கிடக்கும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். மாற்றிய பழையதில் நல்லதாக இருப்பவற்றைச் சேர்த்து இன்னொரு வண்டிக்கு ஒரு செட் தேற்றலாம்.

லித்தியம் பேட்டரி போடலாமே என்றால், போடலாம். தண்ணீர் வேலை இல்லை, ஆயுளும் பல மடங்கு. ஆனால் பழைய லெட்-ஆசிட் சார்ஜரில் அதை ஏற்றக் கூடாது. அதற்கான சார்ஜரையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

எங்க ஊர்ல இல்லாத தேங்காயெண்ணெயா? ஊராட்சி டிராக்டருக்கு அதையே ஊத்தினா என்னங்க?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

இன்றைக்கு விக்கிற விலைக்கு அதைத் தலைக்குத் தேய்க்கவே யோசனையாக இருக்கிறது! விலை கிடக்கட்டும், 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். மார்கழிக் காலையில் டேங்கில் வெண்ணெய் போல நிற்கும். டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானதால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும். மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) சேர்த்துப் பயோடீசலாக மாற்றினால் ஓடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய்ப் பயோடீசலை டீசலில் கலந்தே விற்கிறார்கள்.

இங்கே பலகாரக் கடையில் சுட்டெடுத்த எண்ணெயிலிருந்து வரும் பயோடீசலுக்குத்தான் கணக்கு ஒத்துவரும். அதிலும் பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607 தரச் சான்று இல்லாததைத் தொடாதீர்கள். பயோடீசல் டேங்க் அடியில் பல வருடம் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் இரண்டு மூன்று டேங்குக்குள் ஃபில்டர் அடைக்கும். கையில் இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

டீசல் ஜீப்பை சி.என்.ஜி.க்கு மாத்த எவ்வளவு ஆகும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

மாற்றாதீர்கள். சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) பற்ற ஸ்பார்க் பிளக் வேண்டும், டீசல் எஞ்சினில் அது கிடையாது. ஹெட்டில் பிளக் போட்டு, அழுத்த விகிதத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட வேறு எஞ்சினாகவே செய்ய வேண்டும். பஸ்ஸுக்குச் செய்யலாம், ஜீப்புக்குக் கட்டாது. பெட்ரோல் வண்டி என்றால் அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

60 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 9 கிலோ சொச்சம் பிடிக்கும். சுமார் 200 கி.மீ. ஓட்டம். பங்க் 15 கி.மீ. தள்ளி இருந்தால் போக வர 30 கி.மீ. வீண், அடித்த கேஸில் ஏழில் ஒரு பங்கு கேஸ் அடிக்கப் போனதிலேயே தீரும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) உண்டு. அதற்கான பணத்தை ஒதுக்க மறந்தால், தேதி தாண்டிய வண்டிக்குப் பங்கில் கேஸ் அடிக்க மாட்டார்கள்.

எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறையுதுங்க. டிரைவர் திருடறாருன்னு ஆபீசர் சந்தேகப்படறாரு.
– ஒரு வாசகி, நாமக்கல்

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிடச் சக்தி சுமார் 7 சதவீதம் குறையும். 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் அதில் பாதி. லிட்டருக்கு 15 ஓடிய வண்டி 14 சொச்சம் ஓடினால் டிரைவர் மேல் குற்றமில்லை. 11-க்கு இறங்கினால் மட்டும் வேறு காரணம் தேடுங்கள். வண்டிக்கு நிர்ணயித்த மைலேஜ் அளவு பழைய பெட்ரோலில் பார்த்தது என்றால், மறுசோதனை கேட்டு அரசு தானியங்கிப் பணிமனைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். டிரைவர் சம்பளத்தில் பிடித்தம் போடுவதற்கு முன்னால் அந்தக் கடிதம் போக வேண்டும்.