குட்டைத் தோட்டா சேம்பரில் உட்கார்ந்தால் சுடலாமா? சேலம், ஏற்காடு லைசென்ஸ்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

துப்பாக்கியில் பொறித்திருக்கும் தோட்டாவை விட நீளம் குறைந்த, பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற தோட்டாவைச் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) போட்டுச் சுடலாமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நாகலூர், காபி எஸ்டேட்: வணக்கங்கண்ணா. எங்கிட்ட கான்பூர் .32 ரிவால்வர் இருக்குதுங்க. மச்சான்கிட்ட .32 பிஸ்டல். அவரு தோட்டா குட்டை, ஆனா என் சிலிண்டர்ல கச்சிதமா உக்காருது. சுடலாங்களா?

கூடாதுங்க. இந்த ஜோடிதான் நம் ஊரில் அதிகம் குழம்புவது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அதன் பித்தளைக் கூடு சுமார் 23 மி.மீ. நீளம். மச்சானுடையது .32 ஏசிபி, கூடு சுமார் 17 மி.மீ. இரண்டுக்கும் உடல் விட்டம் ஏறக்குறைய 8.6 மி.மீ. என்பதால்தான் உள்ளே போகிறது. ரிவால்வர் தோட்டாவை சிலிண்டரில் தாங்கிப் பிடிப்பது அடிவிளிம்பு. லாங்கின் விளிம்பு 9.5 மி.மீ. விட்டம், 1.4 மி.மீ. தடிமன். ஏசிபியின் விளிம்பு 9.1 மி.மீ. விட்டம், தடிமன் 1.1 மி.மீ. மட்டும். ஆக, பிடிமானம் குறைவு, பின்னால் கூடுதலாக 0.3 மி.மீ. இடைவெளி வேறு.

அந்த இடைவெளி இரண்டு வேலை செய்யும். துப்பாக்கியின் சுடும் ஊசி சரியாக எட்டாமல் பிரைமரில் (தோட்டா அடியில் தீ மூட்டும் கேப்) லேசான பள்ளம் மட்டும் விழுந்து வெடிக்காமல் போகலாம். வெடித்தாலோ, பிரைமர் பின்னுக்குத் தள்ளிவந்து துப்பாக்கியின் உடல் சட்டகத்தில் உரசி, சிலிண்டர் சுற்றாமல் இறுகிவிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். லாங் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஏசிபிக்கு 20,500. சின்னத் தோட்டா என்பதால் பலமும் குறைவு என்று நினைப்பதுதான் இங்கே மோசம் செய்கிறது. ஆறு தோட்டா சிலிண்டரில், அதைப் பூட்டி நிறுத்தும் பள்ளங்கள் பெரும்பாலும் சேம்பருக்கு நேர் மேலே வெட்டப்பட்டிருக்கும். அங்கே இரும்பு மெல்லிசு. முதல் குண்டிலேயே வெடித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் அடி மேல் அடி விழுவது அந்த இடத்தில்தான்.

சூரமங்கலம்: ரெண்டு பெட்டியிலயும் 7.65னுதான் போட்டிருக்கு சார். அப்புறம் எப்படி வேற வேற?

7.65 என்பது குண்டின் தோராயமான விட்டம், அவ்வளவுதான். எப்போதும் பெருக்கல் குறிக்குப் பிறகு வரும் எண்ணையும் படியுங்கள். 7.65×17 என்றால் .32 ஏசிபி, 1899-இல் வந்த பிரௌனிங் தோட்டா. 7.65×23 என்று நம் நாட்டுப் பெட்டியில் இருந்தால் ரிவால்வர் லாங். 7.65×21 என்றால் பாராபெல்லம். அது கழுத்து ஒடுங்கிய கூடு, பார்த்தாலே தெரியும். ×20 என்று பழைய பிரெஞ்சுத் தோட்டா ஒன்றும் உண்டு. கூட்டின் அடியில் «32 ஆட்டோ» (ஏசிபிதான்), «32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்» என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். வெறும் 32 என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்.

ஓமலூர்: அப்போ குட்டைத் தோட்டா எதுவுமே ஆகாதுங்களா?

ஆகும். ஒரே குடும்பத்துத் தோட்டாவாக, விளிம்பு ஒரே அளவாக, அழுத்தம் துப்பாக்கியின் வரம்புக்குள் இருந்தால் ரிவால்வரில் தாராளமாகச் சுடலாம். .38 ஸ்பெஷலை .357 மேக்னமில் போடுவது இந்த வகை. 1935-இல் மேக்னத்தை உருவாக்கியபோது கூட்டை 29.3-இலிருந்து 33 மி.மீ. ஆக நீட்டியதே, பலமான தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் போகாமல் இருக்கத்தான். .32 குடும்பத்திலும் இதே ஏணி உண்டு: எஸ் அண்ட் டபிள்யூ 15.5, லாங் 23.4, எச் அண்ட் ஆர் மேக்னம் 27.3, ஃபெடரல் மேக்னம் 30.5 மி.மீ. மேல் படித் துப்பாக்கியில் கீழ்ப்படித் தோட்டா போகும். தலைகீழாகக் கூடாது.

ஒரு தொல்லை உண்டு. குட்டைக் கூட்டின் வாய் முடிகிற இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதைச் சுரண்டாமல் நீளத் தோட்டாவை அழுத்தித் திணித்தால், கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். எனவே குட்டை சுட்ட அன்றே சால்வென்ட் (துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றி ஊறவிட்டு, வெண்கல பிரஷால் ஒவ்வொரு சேம்பரையும் தேயுங்கள். பிறகு நீளத் தோட்டா தன் எடையிலேயே உள்ளே விழ வேண்டும். கட்டைவிரலால் தள்ள வேண்டியிருந்தால் இன்னும் சுத்தமாகவில்லை.

அம்மாப்பேட்டை: பிஸ்டலுக்கும் இதே கணக்குதானா? .380-ஐ 9 எம்எம்ல போட்டா?

பிஸ்டலில் கணக்கே வேறு. 9×19, அதாவது நீங்கள் சொல்லும் 9 எம்எம், பொதுமக்கள் லைசென்ஸில் கிடைக்காத தடை செய்யப்பட்ட போர் (குழல் அளவு), ஆனாலும் காரணம் தெரிந்திருப்பது நல்லது. அந்தத் தோட்டாவுக்குப் பிடித்து நிறுத்தும் விளிம்பு கிடையாது. கூட்டின் வாய் சேம்பரின் உள்படியில் முட்டித்தான் நிற்கும். .380 கூடு 17.3 மி.மீ., 9 எம்எம் கூடு 19.15. அந்தப் படியை .380 எட்டாது. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தற்செயலாகப் பிடித்தால் வெடிக்கும். பிடிக்காவிட்டால் தோட்டா முன்னே சரிந்து, சுடும் ஊசி எட்டாது. வெடித்தாலும் அடிப்பக்கம் சேம்பர் 9.9, கூடு 9.5 என்பதால் பித்தளை உப்பிப் பிளக்கலாம். உந்துதல் பற்றாமல் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பாதியிலேயே நின்றுவிடும்.

உண்மையான ஆபத்து அடுத்த நொடியில். முன்னே சரிந்த குட்டைத் தோட்டாவைக் கவனிக்காமல் ஸ்லைடை இழுத்துவிட்டால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா பின்னாலேயே வந்து அதன் அடியிலுள்ள பிரைமரில் முட்டும்.

ஆத்தூர்: கேப்ல அடி விழுந்துச்சு, வெடிக்கல. உடனே என்ன பண்ணணுங்க?

குழலைப் பத்திரமான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடி அசையாமல் இருங்கள். தாமதமாக வெடிப்பது நடக்கக்கூடியது. ரிவால்வரில் பலர் உடனே அடுத்த அறைக்குச் சுழற்றிவிடுகிறார்கள். அது தவறு, தாமதித்து வெடித்தால் அந்த அறை குழலுக்கு நேராக இருக்காது. பிஸ்டலில் முதலில் மேகசினை உருவி, பிறகு ஸ்லைடை இழுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக «பொசுக்» என்று வந்தால் இன்னும் கவனம். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, வெளிச்சம் விட்டுக் குழலைப் பாருங்கள். அடைத்திருந்தால் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) போகட்டும். இன்னொரு குண்டைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைத்தால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: .22 பிஸ்டலில் .22 ஷார்ட்?

கூடு 10.7 மி.மீ., லாங் ரைஃபிளுக்கு 15.6. ஆபத்தில்லை, ஆனால் தானியங்கிப் பிஸ்டலில் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டிவரும். .22 மேக்னத்தில் லாங் ரைஃபிள் போடாதீர்கள்: சேம்பர் அகலம், கூடு பிளக்கும்.

வெள்ளக்கடை: பன்னெண்டு போர்ல இந்தப் பிரச்சினை உண்டுங்களா?

உண்டு. இந்தச் சிதறுகுண்டுத் துப்பாக்கியில் 70 மி.மீ. சேம்பரில் 65 மி.மீ. தோட்டா சுடலாம், 65-இல் 70 கூடாது. அந்த 70 என்பது வாய் விரிந்த பிறகான நீளம். சுடாத தோட்டா மடிப்போடு 60 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதனால் பழைய சேம்பரில் சுலபமாகப் போய் ஏமாற்றும். பழைய இரட்டைக்குழலாக இருந்தால் குழலின் அடியில் சேம்பர் நீளம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

20 போர் தோட்டா இதைவிடக் கொடுமை, அது 12-ஐ விடச் சிறியது. 12 போர் சேம்பரில் நழுவி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். காலியாக இருப்பதுபோல் தெரியும். அதன் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் கிழியும், தாங்கிப் பிடித்த கையும் போகும். இதனால்தான் 20 போரைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

கொண்டலாம்பட்டி: நம்ம லேத் பட்டறையில சேம்பரைக் கொஞ்சம் கடைஞ்சு விட்டா எல்லாத் தோட்டாவும் போகுமே?

வேண்டவே வேண்டாம். சேலம் லேத்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சேம்பர் சுவரை மெலிதாக்குவது வெடிப்புக்கு வழி. சட்டப்படியும், லைசென்ஸ் இல்லாத பட்டறை துப்பாக்கியை மாற்றுவதோ பழுது பார்ப்பதோ 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் குற்றம். கொடுத்தவரும் மாட்டுவார்.

செம்மடுவு, ஏற்காடு: தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டுத் திரும்ப வாங்கியாச்சு. தோட்டா கலந்திருக்குமோன்னு சந்தேகங்க. எப்படிப் பிரிக்கிறது?

வெர்னியர் காலிபர் போதும். துப்பாக்கி வேறு அறையில் இருக்கட்டும். கூட்டின் அடியிலிருந்து வாய்விளிம்பு வரை அளந்து 17-ஐயும் 23-ஐயும் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். லாங்கில் வாட்கட்டர் (தட்டைத் தலைக் குண்டு) வகை இருந்தால் குண்டு கூட்டுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும்; முழு நீளம் குறைவாகத் தெரிந்தாலும் கூட்டின் நீளம் மாறாது. உங்கள் மலை ஈரத்துக்குப் பித்தளையில் பச்சை பூத்ததை, பிரைமர் துருப்பிடித்ததைத் தனியே எடுத்து, லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்து, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.