பெட்டியில் வராத வயர்

கேள்வி: என்னிடம் 1951ஆம் ஆண்டின் செவ்ரோலே 3100 பிக்கப் ஒன்று இருக்கிறது. துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிர்கின்றன. 12 சர்க்யூட் கொண்ட புதிய வயரிங் ஹார்னஸ், அதாவது வண்டி முழுவதற்குமான வயர்க் கட்டு, வாங்கிவிட்டேன். பழையதை வெட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: கத்தரியை முதலில் கீழே வையுங்கள். உதிர்ந்தாலும் அந்தப் பழைய கட்டுதான் உங்கள் வரைபடம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் ஒரு சீட்டுக் கட்டி, அது எங்கே மாட்டியிருந்தது என்று எழுதுங்கள், புகைப்படமும் எடுங்கள். இளவயதில் நானும் ஒருமுறை ஒரே மாலையில் மொத்தத்தையும் உருவிப்போட்டவன்தான். காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்சில் இருப்பது மூன்றே முனைகள். எது உள்வருவது, எது ஹைபீம், எது லோபீம் என்று கண்டுபிடிக்க மறுநாள் பாதி போயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி 6 வோல்ட்டில் பிறந்தது. இப்போது விற்கப்படும் ஹார்னஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானவை. 45 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். அதனால்தான் அந்தக் காலத்து வயர்கள் அவ்வளவு தடிமன். 6 வோல்ட்டையே வைத்துக்கொண்டு இந்த மெல்லிய வயர்களைப் போட்டால் விளக்கு மங்கும், வயர் சுடும். ஹார்னஸ் வாங்கியாகிவிட்டது என்பதால் 12 வோல்ட்டுக்கு மாறுவதே நல்லது. பேட்டரி, பல்புகள், ஹாரன், தீப்பொறிக்கான காயில் எல்லாம் மாறும். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரையே தொடர்ந்தால், காயிலுக்கு முன்னால் மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் தேவையா என்று அந்தக் காயிலின் குறிப்பில் பாருங்கள். தேவைப்படும் இடத்தில் அதைப் போடாமல் விட்டால் பாயிண்ட் கருகும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வரும், கூடவே, பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுத்த கட்-அவுட்டும் வெளியேறும்.

பெட்ரோல் மீட்டர் மட்டும் பழையதாகவே நிற்கும். அதற்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்துவிடாதீர்கள். வோல்ட்டேஜைக் குறைக்கும் சிறு கருவி ஒன்று நடுவில் வேண்டும். செல்ப் மோட்டார் 12 வோல்ட்டைத் தாங்கும், வழக்கத்தைவிட வேகமாகவே சுற்றும். ஆனால் அதை இயக்கும் மிதியில் காலை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. ஆம்மீட்டரின் கதை வேறு. பழைய லாரிகள் பலவற்றில் சார்ஜாகும் மின்னோட்டம் முழுவதும் டாஷ்போர்டுக்கு வந்து, அதற்குள் புகுந்துதான் திரும்பும். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை அந்தக் கிழவனின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. முகப்பு அழகுக்காக அது இருக்கட்டும். வேலைக்கு ஒரு வோல்ட்மீட்டர் போதும்.

இனி, அந்தப் பெட்டியில் பெரும்பாலும் வராத வயர்: எர்த். ஹார்னஸ் கொண்டுவருவது மின்சாரம் போகும் வழியை. திரும்பும் வழியை நீங்கள்தான் போட வேண்டும். கேபின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து சேஸிக்கு ஒன்று, சேஸியிலிருந்து கேபினுக்கு ஒன்று எனத் தடித்த பட்டைகளைப் போடுங்கள். ஒருமுறை, இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டிய வண்டி ஒன்றில் இரண்டு நாள் ஃபியூஸ் பெட்டியையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், புதிதாக அடித்த பளபளப்பான பெயிண்டின் மேலேயே எர்த் வயரின் முனையை முடுக்கியிருந்தேன். திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாக ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து என் சட்டைப்பையில் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். உலோகம் மின்னும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிறகு விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் விளக்கின் உலோக உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான்.

வயர்களை வண்டியில் தளர்வாகக் கிடத்தி, எல்லாம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்த பிறகே நீளத்துக்கு வெட்டுங்கள். சைலன்சர் குழாய்க்கு எட்ட நிற்கட்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

கேள்வி: இணைப்புகளைச் சால்டர் வைத்து ஒட்டுவதா, கிரிம்ப் செய்வதா (உலோக முனையை வயரின் மேல் அழுத்திப் பிடிப்பதா)?

பதில்: நான் கிரிம்ப் கட்சி. சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைக்க வைக்கும். லாரியின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் ஒடியும். சாதாரணக் குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. முழுதாக அழுந்தினால்தான் வாயைத் திறக்கும் ராட்செட் கருவி வாங்குங்கள். செய்த பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் சாலையில் வராமல் கையில் வந்ததே என்று சந்தோஷப்படுங்கள். மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

கேள்வி: முதல்முறை பேட்டரியை மாட்டப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நல்லதுதான். எல்லா ஃபியூஸ்களையும் எடுத்துவிடுங்கள், சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்கட்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; ஆனால் பல்பு நடுவில் நிற்பதால் வயர் கருகாது, நிதானமாகத் தேடலாம். எரியாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த ஃபியூஸைப் போட்டதும் பல்பு விழித்துக்கொள்கிறதோ, குற்றவாளி அந்த வரிசையில் இருக்கிறான். எல்லாம் போட்ட பின்னும் பல்பு தூங்கினால், அதை எடுத்துவிட்டுக் கேபிளை மாட்டலாம். பக்கத்தில் ஒரு தீயணைப்பானும், ஸ்பேனரோடு ஒரு ஆளும் நிற்கட்டும்.