முதல் வேட்டைக்காலம்: மானுக்கு ஓர் இடம், மூஸுக்கு வேறோர் இடம்

கேள்வி: வேட்டைப் பயிற்சியை முடித்துத் துப்பாக்கி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டேன். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். காரில் போய்வரக்கூடிய தூரத்தில் மானும் மூஸும் (மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு) கிடைக்கும் நல்ல இடத்தைப் புதியவர் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகும்போது வீதியோரத்திலேயே மூஸைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கம் போனால் போதுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் புதியவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான். அல்கொன்குயினை ஊடறுத்துச் செல்லும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில் மே, ஜூன் மாதங்களில் மூஸ் நிற்பதற்குக் காரணம் உப்பு. குளிர்காலத்தில் வீதிக்குத் தூவிய உப்பு பனியோடு கரைந்து ஓரத்துப் பள்ளங்களில் தேங்குகிறது; பல மாதங்கள் சுள்ளியை மட்டும் தின்று உப்புச்சத்துக்கு ஏங்கியிருக்கும் விலங்கு அதைக் குடிக்க வருகிறது. கோடையில் நீர்த்தாவரங்களிலிருந்து அந்தச் சத்து கிடைக்கத் தொடங்கியதும் அது வீதியை விட்டுப் போய்விடும். பூங்காவின் பெரும்பகுதியில் பொது வேட்டைக்கு அனுமதியும் இல்லை. ஆகவே விலங்கைக் கண்ட இடம் வேறு, வேட்டைக்காலத்தில் அது இருக்கும் இடம் வேறு, நீங்கள் சட்டப்படி வேட்டையாடக்கூடிய இடம் வேறு. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் நிலத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அடுத்ததாக, மானுக்கும் மூஸுக்கும் சேர்த்து ஒரே இடம் தேடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெள்ளைவால் மானின் உடலில் ஒருவகை மூளைப்புழு வாழ்கிறது. அது மானுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் மானின் புழுக்கையிலிருந்து நத்தைகளுக்குப் போய், அந்த நத்தைகள் ஒட்டியிருக்கும் இலைதழையோடு மூஸின் வயிற்றுக்குள் சென்றுவிட்டால், நரம்பு மண்டலத்தைத் தாக்கி அதைக் கொன்றுவிடக்கூடியது. மான் அடர்த்தியாக உள்ள நிலத்தில் மூஸ் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் கலந்து வாழும் பகுதிகள் உண்டு, ஆனால் இரண்டுக்கும் சிறந்த பகுதி என்று ஒன்று அமைவது அரிது. முதல் ஆண்டில் மானை மட்டும் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் இலக்கமிட்ட வனவிலங்கு முகாமைப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தப் பிரிவில் எந்த விலங்கை எந்தத் திகதிகளில் எந்த ஆயுதத்தால் வேட்டையாடலாம் என்பதை மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ஒழுங்குவிதிச் சுருக்கம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி வேட்டைக்கு உங்கள் பிரிவில் இடமுண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள். பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே அது அந்தந்த உள்ளூராட்சியின் சம்மதத்தைப் பொறுத்தது.

மாகாண நிலத்தில் ஏறக்குறைய 87 வீதம் அரச காணி என்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பங்கு வடக்கில் இருக்கிறது. ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள தென்பகுதி பெரும்பாலும் தனியார் காணி. உங்களுக்கு எட்டும் தூரத்தில் ஓரளவு பரந்த அரச காணியைத் தேடுவதானால், 7ஆம் இலக்க நெடுஞ்சாலையையும் அதற்கு வடக்கேயுள்ள ஹேஸ்டிங்ஸ், லெனொக்ஸ்-அடிங்டன், ஃப்ரொன்ரினாக், ஹாலிபேர்ட்டன் பகுதிகளையும், மேற்கே பரி சவுண்ட் பக்கத்தையும் வரைபடத்தில் பாருங்கள். அரச காணிப் பயன்பாட்டுக்கான மாகாணத்தின் இணைய வரைபடம் எந்தத் துண்டு அரச காணி, எது பூங்கா, எது காப்பு நிலம் என்று காட்டும். அதை வான்படத்தோடு ஒப்பிட்டு, எல்லைகளைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தக் காடுகளின் பல இடங்களில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் சிம்கோ மாவட்டக் காடுகளைப் பார்க்கலாம். அங்கு பல துண்டுகளில் விதிகளுக்கு உட்பட்டு வேட்டையாட முடியும், ஆனால் கூட்டம் இருக்கும்.

என் கணிப்பில், புதியவருக்கு அரச காணியைவிட விவசாயி ஒருவரின் அனுமதி மேலானது. சோயாவையும் சோளத்தையும் மான் மேய்ந்துவிடுகிறது என்று நொந்துபோயிருக்கும் விவசாயிகள் தென் ஒன்ராறியோவில் ஏராளம். ஆனால் வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முதல்நாள் போய்க் கதவைத் தட்டினால் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். அறுவடை நெருக்கடி இல்லாத காலத்தில், சாதாரண உடையில், தனியாகவோ இருவராகவோ போங்கள். படலையை மறித்துக் காரை நிறுத்தாதீர்கள். நீங்கள் யார், எந்த ஆயுதம், எந்த நாட்கள், எத்தனை பேர் என்பதைக் கேட்கப்படுவதற்கு முன்பே சொல்லுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் காரின் இலக்கமும் எழுதிய தாளொன்றைக் கொடுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். காணி ஓரத்து மரங்களில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தால் நுழையவே கூடாது. மஞ்சள் வண்ணம் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. எந்த வண்ணமும் இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலம் கிடைத்த பிறகு மானைத் தேடுவதற்குச் சிறந்த மாதம், பலர் எதிர்பாராத வகையில், ஏப்ரல்தான். பனி கரைந்து, இலை துளிர்க்காத அந்தச் சில கிழமைகளில் காடு எதையும் மறைப்பதில்லை: மான் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடித் தடங்கள், சென்ற இலையுதிர்காலத்தில் கிடா மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த மரங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். முட்கம்பி வேலி இருந்தால் அதன் கீழ்க்கம்பியைக் குனிந்து பாருங்கள். வேலியில் மான் தாண்டும் இடங்களும் உண்டு, நுழையும் இடங்களும் உண்டு. நுழையும் இடத்தில் நுனி கறுத்த, உள்ளே காற்றடைத்த முரட்டு மயிர் முட்களில் சிக்கியிருக்கும். கடிபட்ட சுள்ளிகளையும் கவனியுங்கள். மானுக்கு மேற்தாடையில் முன்பல் இல்லாததால் சுள்ளியை இழுத்துப் பிய்க்கிறது, ஆகவே முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியது போன்ற முனை முயலுடையது. அந்தக் கிழிந்த முனைகள் உங்கள் தலைக்கு மேலே, இரண்டு மீற்றர் உயரத்திலும் இருந்தால் அங்கே மேய்ந்தது மூஸ்.

இவற்றை வரைபடத்தில் குறித்துவந்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். பகலில் மான் படுத்திருக்கும் அடர்த்தியான இடம் ஒன்று இருக்கும். இப்பகுதிகளில் அது பெரும்பாலும் வெள்ளைச் சீடர் (white cedar) மரங்கள் நிறைந்த சதுப்பாகவோ இளம் ஊசியிலைக் காடாகவோ அமையும். உணவு இன்னோரிடத்தில் இருக்கும்: செப்டெம்பர், ஒக்டோபரில் ஓக் மரங்களின் கீழ் கொட்டைகள், கைவிடப்பட்ட தோட்டங்களின் அப்பிள்கள், வயல் ஓரங்கள். நீங்கள் காத்திருக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே, நிலம் தானாகக் குறுகும் இடத்தில். பீவர் கட்டிய அணையின் முனை, இரு சதுப்புகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலம், செங்குத்துச் சரிவின் கீழ் விளிம்பு ஆகியவை அப்படிப்பட்டவை. படுக்கும் இடத்துக்குள்ளேயே போய் அமர்ந்தால் ஒருநாள் மானைக் கலைப்பீர்கள், மறுநாளிலிருந்து அது அங்கே இராது. நவம்பர் நடுப்பகுதியில் இனச்சேர்க்கை உச்சமடையும்போது கிடாக்கள் உணவை மறந்து பெண்மான்களின் பின்னே அலைவதால், அப்போது பெண்மான்கள் நடமாடும் தடங்களே முக்கியம்.

எவ்வளவு நல்ல இடமானாலும் காற்று பிழைத்தால் பயனில்லை. உங்கள்மீது பட்ட காற்று மான் வரும் பக்கம் போகக் கூடாது. மேட்டு நிலத்தில், காலை வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலெழும். மாலை குளிரத் தொடங்கியதும் கீழே வழிந்து பள்ளங்களில் தங்கும். அதனால் ஒரே தடத்துக்குக் காலையில் ஓரிடமும் மாலையில் வேறோர் இடமும் தேவைப்படலாம், அந்த இடங்களுக்குப் போகும் வழியும் இதற்கேற்ப மாறும்.

மூஸ் விடயத்தில் வரிசை தலைகீழ். இங்கே முதலில் தீர்மானமாவது டேக், அதாவது குறிப்பிட்ட பிரிவில் ஒரு மூஸை வேட்டையாட மாகாணம் தரும் அனுமதிச் சீட்டு. 2021 முதல் அது புள்ளி முறையில் ஒதுக்கப்படுகிறது: விண்ணப்பித்து டேக் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி சேரும், டேக்கைப் பெற்றுக்கொண்டால் புள்ளிகள் பூச்சியமாகும். விண்ணப்பம் ஏப்ரல் மாதத்தில். கடா, பசு அல்லது கன்று, கன்று மட்டும் என டேக்குகள் வகைப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முன்னைய ஆண்டுகளில் எத்தனை புள்ளிகள் தேவைப்பட்டன என்பது வெளியிடப்படுகிறது. புள்ளி இல்லாத உங்களுக்குத் தெற்கிலுள்ள பிரிவொன்றில் கடா டேக் கிடைக்கும் என்று நம்பி இடம் தேடுவது வீண் அலைச்சல். இந்த ஆண்டே விண்ணப்பித்துப் புள்ளி சேர்க்கத் தொடங்குங்கள். இதற்கிடையில் டேக் வைத்திருக்கும் அனுபவமுள்ள குழுவொன்றுடன், குழு வேட்டைக்கான நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

டேக் கிடைத்த பிறகு, அந்தப் பிரிவில் மரம் வெட்டியோ காட்டுத்தீயாலோ திறந்து, ஏறக்குறைய 5 முதல் 15 ஆண்டுகள் ஆன வெளிகளைத் தேடுங்கள். வில்லோவும் இளம் பேர்ச்சும் வாய்க்கு எட்டும் உயரத்தில் நிற்பது அங்கேதான். அதற்கு அருகே முதிர்ந்த ஊசியிலைக் காடும் நீரும் இருக்க வேண்டும், ஏனெனில் மூஸ் வெப்பத்தைத் தாங்காத விலங்கு. இதமான ஒக்டோபர் நாளொன்றில் அது வெளிக்கு வராமல் நிழலிலேயே கிடக்கும். செப்டெம்பர் இறுதியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை இனச்சேர்க்கைக் காலமாதலால், கடா குளம்பால் தோண்டிச் சிறுநீர் கழித்த குழிகளின் கடும் நெடியே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எந்த இடமானாலும், மானுக்கோ மூஸுக்கோ துப்பாக்கி வேட்டைக்காலம் நடக்கும்போது, வில்லோடு போனாலும்கூட, செம்மஞ்சள் தொப்பியும் இடுப்புக்கு மேல் குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் செம்மஞ்சள் உடையும் அணிய வேண்டும் என்பதே பொது விதி. நீங்கள் தேர்ந்த இடத்தில் வேறொருவரின் ஏணி மேடையோ காத்திருப்புக் கூடாரமோ ஏற்கெனவே இருந்தால், அரச காணியென்றாலும் விலகிப் போங்கள். உங்கள் துப்பாக்கி பார்க்கும் திசையில் அவர் இருக்கக்கூடும்.

கடைசியாக ஒரு கணக்கு. முழு வளர்ச்சி பெற்ற கடா மூஸ் 400 கிலோவைத் தாண்டும். நான்காகப் பிரித்தாலும் ஒரு பங்கைச் சதுப்பு நிலத்தில் தூக்கி வருவது ஒருவரால் எளிதில் முடிகிற வேலையல்ல, இறைச்சியைக் கெட்டுப்போக விடுவது சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே வரைபடத்தில் நீங்கள் குறித்த மூஸ் இடங்களில், வாகனப் பாதையிலிருந்தோ படகு போகும் நீரிலிருந்தோ ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருப்பவற்றை, எவ்வளவு நல்ல தடம் தெரிந்தாலும், இப்போதே அழித்துவிடுங்கள்.